எதிர்ப்பக்கத்தில் இரவு

பிப்ரவரி 24, திங்கள். உறையூர், திருச்சி

காலையில் கரிகாலன் போன் செய்தான். ‘வாரக் குறும்பு’ பத்திரிகையின் ஆசிரியன், வயது முப்பத்து நான்கு. நான் அங்கே பதினோரு வருடமாக நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். இவன் மூன்றாவது ஆசிரியன். முதல் இருவரும் உடல்நலக் காரணங்களால் விலகினார்கள். அதற்கும் என் பத்திக்கும் தொடர்பில்லை என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

“மேடம், வியட்நாம் போறீங்களா?”

“எதுக்குப்பா, சண்டைதான் முடிஞ்சிருச்சே.”

“ஹோசிமின் சிட்டி மேடம். நம்ம ஜனங்க இப்ப அங்கதான் குவியறாங்க. திருச்சியிலேருந்தே பிளைட். பகல்ல எங்க போகணும்னு எல்லாரும் எழுதிட்டாங்க. ராத்திரி எங்க போகலாம், போனா எப்படிப் பத்திரமா திரும்பறது, அதை யாரும் எழுதல. ஆறு பகுதி. நீங்க எழுதறீங்க.”

“அம்பத்து மூணு வயசுப் பொம்பளையை நைட் லைஃப் எழுதச் சொல்றியே, வேற ஆளே கிடைக்கலையா?”

“அதான் மேடம் ஹைலைட்டே!”

என் நைட் லைஃப் இது: எட்டரைக்கு இட்லி, ஒன்பதுக்கு மாத்திரை, ஒன்பதே காலுக்குக் கொட்டாவி. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையதுதான். என்னைக் கேட்டுவிட்டுத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

மாலையில் வீட்டுக்கு எதிர்ப்பக்க மருந்துக் கடைக்குப் போய்ப் பயணத்துக்கு மாத்திரை வாங்கினேன். ஆட்டோவில்தான். ஆட்டோக்காரர் அந்தோணி ரவுண்டானா வரை போய் வளைந்து வந்து கடை வாசலில் இறக்குவார். முன்பெல்லாம் சிரிப்பார். இப்போது “ரிட்டன் உண்டாம்மா?” என்று மட்டும் கேட்கிறார்.

பிப்ரவரி 26, புதன்

அண்ணி கூட வருகிறார். சௌந்தரவல்லி, என் வீட்டுக்காரரின் அக்கா. முப்பத்தைந்து வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸ், பாதிக்கு மேல் நைட் டூட்டி. போன வருடம்தான் ஓய்வு. ஓய்வு கிடைத்தது, தூக்கம் கிடைக்கவில்லை. இரவு முழுக்க விழித்திருப்பார். பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார். ஒரு கல்யாணத்தில் தவில்காரருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து தூங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “டூட்டி மாத்திவிட ஆள் வரல” என்பார்.

பெட்டியில் வைத்தவை: பருத்திப் புடவை ஆறு, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், முழங்கால் உறை, பென்சில் ஒரு டஜன், காலிப் பேனா ஒன்று. காலிப் பேனா எதற்கு என்று தெரியவில்லை. அது பாட்டுக்குக் கைப்பையில் கிடக்கிறது.

விமானத்தில் பேனா கசியும் என்று யாரோ சொன்னார்கள். அதனால்தான் இந்த நாட்குறிப்பைப் பென்சிலில் எழுதுகிறேன். விமானம் ஏற இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

அவர் போட்டோவுக்குத் தினமும் பூ வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தாயிற்று.

மார்ச் 4, செவ்வாய். ஹோசிமின் சிட்டி

விடியற்காலை வந்து இறங்கினோம். விமானத்தில் அண்ணி கண் மூடவில்லை. யாருக்குப் போர்வை நழுவியிருக்கிறது என்று நடந்து நடந்து பார்த்தார். பதினெட்டாம் வரிசையில் ஒருவருக்கு நாடியே பிடித்துவிட்டார். அவருக்கு ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். விழித்த பிறகுதான் நாடி எகிறியது.

ஹோட்டல் நன்றாக இருக்கிறது. மூன்றாவது மாடி, பால்கனி. வரவேற்பில் லான் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஒரே அளவு ஓட்டை. அதனால் நன்றாகப் புரிகிறது.

நான் எழுத வந்த இரவு வாழ்க்கை மொத்தமும் புய் வியென் என்கிற நடைத்தெருவில் இருக்கிறது. அந்தத் தெரு எங்கள் ஹோட்டலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. நடுவில் சாலை.

சாலை என்றா சொன்னேன்? மோட்டார் சைக்கிள் வெள்ளம். ஆடிப்பெருக்குக் காவிரியில்கூட நடுவில் ஒரு மணல்திட்டு கண்ணில் படும். இதில் இடைவெளியே இல்லை. ஒரு பைக்கில் ஐந்து பேர். ஒரு பைக்கில் ஃபிரிட்ஜ். இன்னொன்றில் மீன் தொட்டி, மீனோடு. சிக்னல் எங்கோ இருக்கிறதாம், பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பால்கனியிலிருந்து கண்ணால் அளந்தேன். நாற்பது அடி. திருச்சியிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் வந்தாயிற்று. பாக்கி நாற்பது அடி.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணி தலையைச் சீவிக்கொண்டு, கைப்பையை மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு கேட்டார்.

“வர்றியா தையலு?”

“முழங்கால் வலி அண்ணி.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார். பால்கனியிலிருந்து பார்த்தேன். நீலச் சேலை அந்த வெள்ளத்தில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சேலை அந்தப் பக்கம் இருந்தது.

சும்மா இருப்பானேன் என்று பகுதி ஒன்றை எழுதிவிட்டேன். தலைப்பு: ‘முதலில் சாலையைக் கடப்போம்’. “வலது கையை உயரத் தூக்குங்கள். வண்டிக்காரர் கண்ணைப் பாருங்கள். ஒரே ஓட்டமாக நடுச்சாலை வரை ஓடுங்கள். அங்கே நின்று மூச்சு வாங்குங்கள். மறுபடி கையைத் தூக்குங்கள், ஓடுங்கள்.” திருச்சியில் சத்திரம் பஸ் நிலையத்தில் ஊரே இப்படித்தான் கடக்கிறது. கையைக் காட்டினால் பஸ்ஸே நிற்கும். இங்கே பைக் நிற்காதா?

எழுதி முடித்ததும் எனக்கே தைரியம் வந்த மாதிரி இருந்தது. படம் பிடித்துக் கரிகாலனுக்கு அனுப்பினேன்.

மார்ச் 5, புதன்

காலை ஆறு மணிக்கு அண்ணி திரும்பினார். கட்டிலருகே நின்று, அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் வார்டை ஒப்படைப்பது போல ஒப்பித்தார்.

“பத்து மணி. கூட்டம் நெறைய. கடைக்குக் கடை பாட்டு, எதுவும் எதோடவும் சேரல. பத்தரை. ஒருத்தன் பலூன் வித்தான். பொறந்தநாளுன்னு நெனச்சேன். வாயில வெச்சு உறிஞ்சறாங்கடி. மோந்து பாத்தேன், ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துக்குக் குடுப்போமே, அந்த வாயு. அது வேணாம்னு எழுது. பதினொண்ணு இருபது. வெள்ளைக்காரப் பையன், இருபத்தஞ்சு இருக்கும், மல்லாக்கக் கெடந்தான். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். வாந்தி ரெண்டு. நாடி சரி. கூட்டாளி வந்து கூட்டிட்டுப் போனான். பன்னெண்டு அஞ்சு. ரோட்டோரமா நின்னு போன் பாத்துட்டிருந்த பொண்ணு, பைக்ல வந்தவன் பறிச்சிட்டுப் போயிட்டான். அழுதுச்சு. தண்ணி குடுத்தேன்.”

“நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“கரும்புச் சாறு. ஐஸ் வேணாம்னுட்டேன்.”

சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். இவ்வாறாகப் பகுதி இரண்டு பிறந்தது: போனைச் சாலைப்பக்கக் கையில் பிடிக்காதீர்கள், பலூன் வாங்காதீர்கள், முன்பின் தெரியாதவர் ஊற்றிக் கொடுப்பதைக் குடிக்காதீர்கள், விழுந்து கிடப்பவனை மல்லாக்க விடாதீர்கள். ‘நானே கண்ணால் கண்டேன்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். கண் அண்ணியுடையது. குடும்பத்துக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தானே செய்யும்.

கரிகாலன் வாய்ஸ் மெசேஜ்: “மேடம், செம! பகுதி ஒண்ணை வெப்சைட்ல போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு, பென்சில் எழுத்து போட்டோல சரியாத் தெரியல. பேனாவுல எழுதக்கூடாதா?”

இங்கே பேனா கிடைப்பதில்லை என்று பதில் அனுப்பினேன். ஒரு கோடி பேர் வாழும் ஊரைப் பற்றி.

இரவு. “வர்றியா?” “தலைக்குக் குளிச்சிருக்கேன் அண்ணி, ஈரம்.”

மார்ச் 6, வியாழன்

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் தமிழ்க் குரல். பொள்ளாச்சியிலிருந்து ஒரு சுற்றுலாக் குழு வந்திருக்கிறது. அதில் நாச்சிமுத்து என்று ஒருவர், அறுபது வயது, தென்னந்தோப்புக்காரர். மனைவி கண்ணம்மாள். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“ஏனுங்க, நீங்க தையல்நாயகி அம்மாதானுங்களே? பத்திரிகையில உங்க படம் போடுவாங்களே!”

அது பதினோரு வருடத்துக்கு முந்தைய படம். இருந்தும் அடையாளம் கண்டுபிடித்தாரே என்று கண் கலங்கிவிட்டது.

“இவரைக் கேளுங்கம்மா, நேத்து என்ன பண்ணுனாருன்னு” என்றார் கண்ணம்மாள்.

“அதெதுக்கு இப்போ.”

“காவடி மாதிரி தேங்காய் தூக்கிட்டு ஒருத்தன் வந்தானுங்க. ‘நீங்க தூக்குங்க, போட்டோ எடுக்கறேன்’னான். இவரு தூக்குனாரு. எறக்கறதுக்குள்ள மூணு இளநியை வெட்டிக் கையில குடுத்துட்டான். இந்த ஊரு நோட்டுல எத்தனை பூஜ்யம்னு எண்ணத் தெரியாம பெரிய நோட்டா நீட்டிட்டு வந்துட்டாருங்க. பொள்ளாச்சிக்காரரு!”

“வருசத்துக்கு ரெண்டு லட்சம் காய் வெட்டறவனுங்க நான்” என்று நாச்சிமுத்து இட்லி இல்லாத தட்டைப் பார்த்துச் சொன்னார். “ஊருல சொல்லிப் போடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். பகுதி மூன்றில் எழுதுவது சொல்வதில் சேராது.

இவர்களை டூர் பஸ் வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்குகிறது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவரவர் விருப்பம்.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. பைக் டாக்ஸி. லானிடம் பதிவு செய்யச் சொன்னேன்.

“எங்கே போகணும்?”

“அங்கே” என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன்.

லான் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, பாவம், நல்ல பெண். வாசலுக்குக் கூட்டிப் போனாள். கூடையோடு ஒரு கிழவி சாலையில் இறங்கிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கவில்லை. ஓடவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி மெதுவாக நடந்தாள். பைக்குகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின, பாறையைச் சுற்றித் தண்ணீர் போவது போல.

“மெதுவா. ஒரே மாதிரி. நிக்காதே. ஓடாதே. திரும்பாதே” என்றாள் லான். “நீ எங்கே இருப்பேன்னு அவங்க கணக்குப் போட்டுட்டுத்தான் வர்றாங்க. நீ ஓடினா கணக்கு தப்பும்.”

பகுதி ஒன்று! ஓடு, நில், மறுபடி ஓடு என்றல்லவா எழுதித் தொலைத்திருக்கிறேன்? கரிகாலனைக் கூப்பிட்டேன்.

“தம்பி, அது தப்பு. எடுத்துடு.”

“மேடம், பன்னெண்டாயிரம் பேர் படிச்சாச்சு. எடுத்தா அசிங்கம். ஆறாவது பகுதில ஒரு வரி போட்டுக்கலாம்.”

“ஆறாவது வரைக்கும் எல்லாரும் உயிரோட இருக்கணுமே.”

“உங்க காமெடியே தனி மேடம்.”

இரவு. போகவில்லை. வயிறு. இது நிஜம்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணியும் நானும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். டாக்ஸி ஹோட்டல் வாசலிலிருந்து கோயில் வாசலுக்கு. தமிழர்கள் கட்டிய பழைய கோயில். கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். கைநிறைய ஊதுபத்தி. கும்பிட்டு முடித்ததும் பின்பக்கக் கல்சுவரில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு மனதில் இருப்பதைச் சுவரிடமே சொல்கிறார்கள், அர்ச்சகரிடம் தகவல் தெரிவிக்காமல் நேரடி விண்ணப்பமாக. நல்ல ஏற்பாடு. எங்கள் ஊரிலும் இருந்தால் வரிசை திருவானைக்காவல் வரை நிற்கும்.

நானும் நெற்றியை வைத்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதுவதாக இல்லை.

இரவு பதினொரு மணி. அண்ணி இன்று வெளியே போகவில்லை. “லீவு” என்றார். ஈசிச்சேரைப் பால்கனியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“சுவத்துக்கிட்ட ரொம்ப நேரம் பேசினியே, என்னடி?”

“அது எனக்கும் சுவத்துக்கும்.”

“முப்பத்தஞ்சு வருஷ டூட்டி. வார்டுக் கோடியில ஒருத்தர் மூச்சு மாறினா எனக்கு இங்க கேக்கும். பக்கத்துல நின்னு ‘ரீஃபிலுக்கு நான் அனுப்பாம இருந்திருந்தா’ன்னு நீ சொன்னது கேக்காதா?”

சரி. எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு, பத்தி அனுப்ப வேண்டிய இரவு, என் பேனா தீர்ந்துபோனது. “எதிர்க்கடையில ஒரு ரீஃபில் வாங்கிட்டு வாங்களேன்” என்றேன் அவரிடம். போனார். வாங்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு வேன். அன்று மருத்துவமனையில் டூட்டியில் இருந்தது அண்ணி. அவ்வளவுதான். இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா என்று நிறையத் தேடிப் பார்த்துவிட்டேன்.

“அவன் தெனம் ஒம்போது மணிக்கு அந்தக் கடைக்குப் போவான், தெரியுமா உனக்கு?” என்றார் அண்ணி.

“வாக்கிங் போவார்.”

“வாக்கிங்காம்! பீடா. ஸ்வீட் பீடா, குல்கந்து தூக்கலா. சுகரை முன்னூறுல வெச்சிக்கிட்டு. நான் கையும் களவுமாப் புடிச்சேன் ஒரு நாள். உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்.”

“பீடாவா?” என்று இரண்டு தடவை கேட்டேன்.

“நீ கேக்காட்டியும் அன்னிக்குப் போயிருப்பான் தையலு. நீ ரீஃபில் கேட்டது அவனுக்குக் கெடச்ச சாக்கு. துள்ளிக்கிட்டுத்தான் போயிருப்பான்.”

“ரெண்டு வருஷமா ஏன் சொல்லல நீங்க?”

“சத்தியம் பண்ணிட்டேனேடி. இன்னிக்கு நீ சுவத்தை நனைச்சதைப் பாத்ததும், போடா நீயும் உன் சத்தியமும்னு ஆயிருச்சு.”

இருபத்தேழு வருடக் குடித்தனம். வாயில் ஏலக்காய் மணந்தால் ‘புதுப் பற்பசை’ என்பார். நம்பினேன். ஊரில் எல்லோருடைய ரகசியத்தையும் மோப்பம் பிடித்துப் பத்தி எழுதுகிறவள், ஒரு முழம் தூரத்தில் படுத்திருந்தவரின் பீடாவைக் கண்டுபிடிக்கவில்லை. கோபத்தில் தூக்கமே வரவில்லை. இரண்டு வருடத்தில் முதன்முதலாக அவர் மேல் கோபம். ரொம்ப நன்றாக இருந்தது.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். இந்த ஊரில் இது பெரிய பண்டிகை. லான் எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தாள். அண்ணி அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு தூங்கிவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் நாச்சிமுத்து கையில் போனோடு வந்தார்.

“அம்மணி, உங்க பகுதி ஒண்ணு படிச்சேனுங்க. மனப்பாடம். இன்னிக்குச் சாயங்காலம் எங்களுக்கு ப்ரீ. உங்க முறையிலதான் ரோட்டைத் தாண்டப் போறோம்.”

அங்கிருந்த பொள்ளாச்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் என்னைக் காட்டி, “இவங்க தினமும் ராத்திரி அந்தப் பக்கம் போயிட்டு வர்றவங்க. அனுபவஸ்தருங்க” என்றார். அந்த முறை தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். செல்ஃபி எடுத்துவிட்டார். தப்பு என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். தெரிந்தால் ஏன் எழுதினீர்கள் என்பார். நீங்கள் போனதே இல்லையா என்பார். பன்னிரண்டு பேர் முன்னால்.

சாயங்காலத்துக்குள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். இதை எழுதும்போது மணி ஐந்து. முகம் கழுவிக்கொண்டு போய்ச் சொல்லிவிட வேண்டும்.

அதே நாள், இரவு இரண்டு மணி

ஐந்தரைக்கு நாச்சிமுத்து தம்பதியின் அறைக்கதவைத் தட்டினேன். யாரும் இல்லை. லானிடம் கேட்டேன். ஊர் பார்க்கக் கிளம்பினார்களாம், இருட்டியதும் எதிர்ப்பக்கம் போவார்களாம். போன் நம்பர் தெரியாது. ஏழு மணி வரை பால்கனியில் காவல் இருந்தேன். அண்ணி முன்னதாகவே கிளம்பிவிட்டார். “வர்றியா?” என்று கேட்டார். “ஒரு வேலை இருக்கு” என்றேன். இன்று அது சாக்கு இல்லை.

ஏழே காலுக்கு ஒரு சந்திலிருந்து வந்தார்கள். நான் மேலிருந்து கத்தினேன். மோட்டார் சைக்கிள் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கண்ணம்மாள் என் பகுதி ஒன்றைப் படித்தவர் இல்லை. முன்னால் போன ஒரு கிழவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்து, சாவகாசமாக அந்தப் பக்கம் சேர்ந்தார். நாச்சிமுத்து படித்தவர். வலது கையை உயரத் தூக்கினார். ஓடினார். நடுச்சாலையில் நின்றார். மறுபடி ஓடப் பார்த்தார், பின்வாங்கினார், மறுபடி ஓடினார். ரோஜாக் கட்டுகளோடு வந்த ஒரு பைக் அவரைத் தவிர்க்கப் போய்ச் சாய்ந்தது. பூவெல்லாம் சாலையில். ஓட்டி வந்தவர் எழுந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தார். நாச்சிமுத்து அசையவில்லை. தூக்கிய கை தூக்கியபடி, நடுச்சாலையில் நின்றுவிட்டார்.

மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் உறை போடவில்லை. ஹோட்டல் குளியலறைச் செருப்போடுதான் போயிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன்.

சாலை விளிம்பில் ஒரு நிமிடம் நின்றேன். ஒரு நிமிடம்தான். பிறகு இறங்கினேன். மெதுவா. ஒரே மாதிரி. நிக்காதே. திரும்பாதே. கண்ணை மூடவில்லை. விளக்குகள் என் மேல் வந்தன, விலகின. ஒரு பைக்கின் காற்று புடவைத் தலைப்பை இழுத்தது. நடந்தேன்.

“நாச்சிமுத்து அண்ணா, கையை எறக்குங்க.”

“நீங்கதானுங்களே தூக்கச் சொன்னீங்க!”

“நான் எழுதினது தப்பு. பொய். கையை எறக்கி என் கையைப் புடிங்க.”

“காலு வரமாட்டேங்குதுங்க அம்மணி.”

“வரும். ஓடக்கூடாது. தோப்புல மட்டை எண்ணிட்டு நடப்பீங்கல்ல, அப்படி நடங்க.”

கையைப் பிடித்தார். ஐஸாக இருந்தது. இரண்டடி வைத்ததும் கேட்டார். “நீங்க எத்தனை தடவை தாண்டியிருக்கீங்க?”

“இதான் முதல் தடவை.”

“அய்யோ சாமீ!” என்றார். ஆனால் கையை விடவில்லை. இருபது அடி. எண்ணினேன். அவரும் எண்ணியிருப்பார்.

அந்தப் பக்கம் கண்ணம்மாள் அழுகையோடு பிடித்துக்கொண்டார். “படிக்காதீங்கன்னு சொன்னா கேக்கறீங்களா?” என்று கணவரைத்தான் திட்டினார். என்னையும் திட்டியிருக்கலாம். நாச்சிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். “தேங்காய்க் கதையை எழுதாம இருந்தீங்கன்னா சரியாப் போச்சுங்க” என்றார். ஏற்கெனவே வெளியாகிவிட்ட பகுதி மூன்றை என்ன செய்வது? இரவோடு இரவாக எடுக்கச் சொன்னேன். கரிகாலனை இந்த முறை கெஞ்சவில்லை, மிரட்டினேன். எடுத்துவிட்டான்.

புய் வியென் தெரு வாயிலில் குட்டைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார், கையில் கரும்புச் சாறு. என்னைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு ராத்திரி லேட்டு. வா, டூட்டியில சேந்துக்க.”

“அந்த மனுஷன் நடுரோட்டுல நின்னாரே, பாக்கலையா நீங்க?”

“பாத்தேன். எழுந்தேன். நீ வாசல்லேருந்து எறங்கறதையும் பாத்தேன். உக்காந்துட்டேன்.”

தடதடவென்று பாட்டு, வண்ண விளக்கு, வறுத்த மீன் வாசம், யாரோ ஒரு பெண் தீப்பந்தத்தை வாயில் வைத்து ஊதினாள். ஐந்து நாளாக நான் எழுதிய எதுவும் இப்படி இல்லை. கரும்புச் சாற்றில் எலுமிச்சை மாதிரி ஏதோ புளிப்புப் பிழிகிறார்கள். அண்ணி சொல்லவே இல்லை!

பத்து மணிக்கு அண்ணி கைப்பை உள்ளறையின் ஜிப்பைத் திறந்தார். சேஃப்டி பின், குங்குமச் சிமிழ், அதற்கடியில் ஒரு காகிதச் சுருள். என் உள்ளங்கையில் வைத்தார்.

“அவன் சட்டைப் பையில இருந்துது. பீடாவும் இருந்துது. அதைத் தூக்கிப் போட்டுட்டேன். இதை எப்பக் குடுக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்.”

ரீஃபில்.

மார்ச் 9, ஞாயிறு

பகுதி ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பினேன். முதல் வரி: “இதற்கு முன் இதே பத்தியில் எழுதியது பொய், எழுதியவள் அப்போது சாலையைக் கடந்தவளே இல்லை.” கரிகாலன் போன் செய்து, “மேடம், இதை அப்படியே போடட்டுமா?” என்றான். போடு என்றேன். “எழுத்து பளிச்சுனு இருக்கே, பேனா கெடச்சிருச்சா?” என்றான். கிடைத்துவிட்டது என்றேன்.

காலையில் ரீஃபிலைக் காலிப் பேனாவில் போட்டோம். எழுதவில்லை. அண்ணி வாங்கி, பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறுவது போல மூன்று உதறு உதறி, ஹோட்டல் டிஷ்யூவில் ஒரு வட்டம் போட்டார். வெறும் கீறல். இரண்டாவது வட்டத்தில் பாதி வந்தது. மூன்றாவது முழுசாக வந்தது. “உசிரு இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அந்தோணிக்குச் செய்தி அனுப்பினேன், ஏர்போர்ட்டுக்கு வரச்சொல்லி. வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டால் போதும், நான் நடந்துகொள்கிறேன்.

இந்தப் பக்கம் முழுவதும் அன்று என் வீட்டுக்காரர் வாங்கிய மையில் எழுதியது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அன்று வாசல் வரை வந்து, அவர் செருப்பு மாட்டும்போது இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். தலையை வேறு ஆட்டினார். கவனமெல்லாம் பீடாவில் இருந்திருக்கிறது.

நீலம்! நான் கேட்டது கறுப்பு.